தாப்பாவில் தினமும் ஓட்ட எது சரி: பழைய எம்ஜிபியா, மஸ்டா எம்எக்ஸ்-5-ஆ?

கேட்டிருப்பவர் மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறார். 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்று, பிரிட்டிஷ் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காடி, விலைக்கு வருகிறதாம். இன்னும் கொஞ்சம் வெள்ளி சேர்த்தால் அதே ரகத்து ஜப்பான் காடி, ஓடிய எம்எக்ஸ்-5, கிடைக்குமாம்.

நான் பீடோர்காரன். எங்கள் மாமாவிடம் ஒரு எம்ஜிபி இருக்கிறது. தோட்டத்துத் துரை ஒருவர் வேலை முடிந்து ஊர் திரும்பியபோது வாங்கியது. கூட்டாளி ஒருவனிடம் 2 லிட்டர் எம்எக்ஸ்-5. இரண்டையும் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் ஓட்டியிருக்கிறேன். தினமும் ஓட்டத்தான் என்றால் மஸ்டாவை எடுங்கள். வேகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, நம் ஊர் மழையைப் பார்த்துச் சொல்கிறேன்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்த காடி. அதற்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது, உடம்பேதான் பாரத்தைத் தாங்குகிறது. இரும்புக் கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. மடக்கும் கேன்வாஸ் கூரையின் ஓரத்தில் ஒழுகும் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் தங்கி, கடைசியில் அங்கேதான் துருவாகிறது. மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள், அதை நம்பாதீர்கள். ஒரு பக்கம் ஜாக் போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து பாருங்கள். இறுகிக்கொண்டால் நடு உடம்பு தொய்கிறது என்று பொருள். பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எங்கோ கசிகிறது, இல்லையென்றால் டேங்க் காலி. இருக்கைக்குப் பின்னால் பலகையைத் தூக்கினால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். பலர் ஒரே 12 வோல்ட்டாக மாற்றிவிட்டார்கள், அது நல்லதுதான்.

ஓட்டும்போது? 1,798 சிசி, சுமார் 95 குதிரைத்திறன். அந்த மலைச்சாலையின் லாத்தா இஸ்கந்தார் அருவிப் பக்கத்து வளைவுகளில் 50-இல் போனாலே பறக்கிற மாதிரி இருக்கும். ஸ்டேரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். முன்னால் காய்கறி லோரி ஊர்ந்தால்தான் வேதனை: ஏசி இல்லை, எஞ்சின் சூடு நேராகக் காலுக்கு வரும்.

மஸ்டா ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், எம்ஜிபி சற்றுக் கீழே. ஆனால் மஸ்டாவில் 160 குதிரைத்திறன், ஆறு கியர், ஏசி. மழை பிடித்தால் உட்கார்ந்தபடியே கூரையை ஒரே இழுப்பில் மூடலாம். 1989-இல் முதல் எம்எக்ஸ்-5 வந்தபோதே அதற்கு முன்மாதிரி அறுபதுகளின் லோட்டஸ் எலான்தான். வெள்ளைக்காரன் போட்ட கணக்கை ஜப்பான்காரன் ஒழுகாமல் முடித்துக் கொடுத்தான். ஒரே ஒரு வேலை உண்டு: கூரைக்குப் பின்னால் தண்ணீர் வடியும் துளைகளை இலை, தூசி அடைக்கும், அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பள்ளம் பறித்த செம்மண் பாதைக்கு இரண்டுமே ஆகாது, அடி தட்டும்.

எம்ஜிபிக்குச் சாமான் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம், 1988 முதல் புது உடம்பே செய்து விற்கிறார்கள். ஆள்தான் கிடைப்பதில்லை. அதன் இரட்டைக் கார்புரேட்டரைக் காதால் கேட்டே சமன் செய்கிற பெரியவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்து, வேலைக்குப் போக வீட்டில் வேறு காடியும் இருந்தால், சரி, எம்ஜிபியை எடுங்கள். எங்கள் மாமாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எடுப்பார், அதுவும் வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு.