எண்ணூர் கழியில் செடிக் கணக்கெடுப்பு: கேள்வி பதில்

கொசஸ்தலையாற்றுக் கழி, மணலிச் சதுப்பு பக்கம் தாவரப் பட்டியல் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கேட்டவை, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு.

திருவொற்றியூர்: அக்கா, கரையில் நின்று கண்ணில் படுவதை எழுதினால் போதாதா?

போதாது தம்பி. நாம் நிற்பது வண்டி போகிற மேடு. அங்கே சீமைக் கருவேலம்தான் நிறைய வரும். தண்ணீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கிக் கயிறு பிடியுங்கள். 10 மீட்டருக்கு ஒரு கட்டம். ஒரு மீட்டர் பிவிசி குழாய் நான்கு, மூலைக்கு எல்போ நான்கு இருந்தால் கட்டத்துக்கான சட்டம் தயார். பசை போடாதீர்கள், கழற்றிப் பையில் வைக்கலாம். சிறு செடிக்கும் புல்லுக்கும் இது போதும். புதருக்கு 5×5 மீட்டர், கண்டல் (அலையாத்தி) மரத்துக்கு 10×10. ஒவ்வொரு செடியும் கட்டத்தில் எத்தனை சதவீதம் படர்ந்திருக்கிறது என்று குறியுங்கள். வெறும் சேறாக இருந்தால் "செடி இல்லை" என்றே எழுத வேண்டும். பச்சை தெரிகிற இடமாகப் பார்த்துச் சட்டத்தை நகர்த்திவிட்டால், அனல்மின் நிலையச் சாம்பலும் உப்பும் படிந்து செத்த நிலம் உங்கள் பட்டியலில் வரவே வராது. இந்தக் கழியில் அதுதான் முக்கியமான பதிவு.

எர்ணாவூர்: உமிரியும் மற்ற உப்புச் செடிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

நிறத்தை நம்பாதீர்கள், வெயில் காலத்தில் உமிரி சிவந்துவிடும். தண்டைப் பாருங்கள். சிறு குச்சி போன்ற சதைப்பற்றுள்ள இலை இருந்தால் உமிரி (சுவேடா). இலையே இல்லாமல் தண்டு கணுக்கணுவாக இருந்தால் சாலிகார்னியா. எதிரெதிராகத் தடித்த இலை, தரையோடு படர்ந்து இளஞ்சிவப்புப் பூ என்றால் செசுவியம்.

காட்டுக்குப்பம்: கண்டலில் இரண்டு வகை என்கிறார்களே?

இலை நுனி கூராக இருந்தால் அவிசீனியா மெரினா, உருண்டிருந்தால் அவிசீனியா அஃபிசினாலிஸ். பூவும் பார்த்து உறுதி செய்யுங்கள், பின்னதன் பூ பெரிது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயரைத் திருத்தாமல், கேட்ட ஊரோடு சேர்த்து எழுதுங்கள்.

மணலி: மாதிரிக்காகச் செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்த செடி கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது.

உப்பைக் கழுவாமல் வைத்திருப்பீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றி எடுங்கள். சதைப்பற்றுள்ளதைக் கொதிநீரில் சில விநாடி முக்குங்கள். இல்லாவிட்டால் பல நாள் உயிரோடு இருந்து, காய்வதற்குள் இலையை உதிர்க்கும். முதல் நான்கைந்து நாள் தினமும் செய்தித்தாள் மாற்றவேண்டும்.

எண்ணூர்: கோரையைப் படத்தை வைத்தே சொல்லிவிடலாமா?

கதிர் இல்லாமல் முடியாது. கதிரின் கிட்டப்படம், தண்டின் குறுக்குவெட்டு, தோண்டி எடுத்த வேர்க்கிழங்கு மூன்றும் வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஒருமுறை, மே மாதம் ஒருமுறை, ஓதம் வற்றிய நேரமாகப் பார்த்துப் போங்கள்.