மெஷினை விட்டு எழுந்திருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பனியன் கம்பெனியில் பத்து வருடம் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும்) மெஷின் ஓட்டினேன். இரண்டு மாதமாக லைன் சூப்பர்வைசர். பீஸ் எங்கே தேங்கினாலும் நானே உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறேன். அப்படியும் டார்கெட் வருவதில்லை. கூடத் தைத்தவர்கள் என் பேச்சையும் கேட்பதில்லை. என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

மெஷினில் உட்காருவதைத்தான். நீங்கள் ஒரு மெஷினில் குனிந்திருக்கும் இருபது நிமிடமும் மற்ற மெஷின்களைப் பார்க்க ஆளில்லை. அந்த நேரத்தில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) அளவு மாறினால் செக்கிங் மேசையில்தான் தெரியவரும். அதற்குள் இரண்டு பண்டில் (பீஸ் கட்டு) ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, திரும்பிவிடும். பழகிய வேலையில் கைக்குச் சுகம். நேற்றுவரை பக்கத்தில் தைத்தவரிடம் குறை சொல்வதில் சங்கடம். கால் தானாக மெஷின் பக்கம் போவதற்குக் காரணம் இதுதான்.

பாக்கெட் நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்ததும் மூன்று வரி போதும்: இன்று நான் செய்ததில் வேறொருவர் செய்திருக்கக்கூடியது எது? எந்தப் பிரச்சினை எனக்குத் தாமதமாகத் தெரிந்தது? யாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன்? இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே ஆபரேஷன் (தையல் கட்டம்), ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள். அந்த டெய்லர் பக்கத்தில் நின்று, கையை நீட்டாமல், அவரையே ஐந்து பீஸ் தைக்க விட்டுப் பாருங்கள். துணியைப் பிடிக்கும் விதத்தில் கோளாறா, ஊசி மழுங்கியதா, முந்தைய ஆள் பீஸைத் தலைகீழாக அடுக்கித் தருகிறாரா என்பது அங்கேயே புரியும். முதல் வாரம் உற்பத்தி குறையும். பயந்துபோய்ப் பழையபடி உட்கார்ந்துவிடுகிறவர்களே அதிகம். அதனால் ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

பேச்சைக் கேட்பதில்லை என்பதற்கு வருவோம். “உனக்குக் கவனமே இல்ல” என்றால் எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். “இந்த பண்டில் முப்பதுல ஆறு பீஸ் தோள்ல தையல் விட்டிருக்கு, என்னன்னு பார்ப்போமா?” என்றால் பேச்சு பீஸைப் பற்றியதாகிவிடும். இதையும் லைன் நடுவில் அல்ல, தனியாகச் சொல்லுங்கள்.

டொயோட்டா கார் ஆலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி தலைக்குமேல் ஓடும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே அங்கே வருவார். நகரும் லைனில் கார் குறித்த இடத்தை எட்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கயிறு கட்டுவது சுலபம். இழுத்தவரைத் திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒருமுறை திட்டினால் அடுத்த கோளாறு பண்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உங்கள் லைனில் யாராவது தப்பைச் சொன்னால், வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை “நல்லவேளை சொன்னீங்க” என்று இருக்கட்டும். ‘ஏன்’ என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு.

மகளிர் குழுவுக்கு நான் ஊக்குநர். கடன் யாருக்கு என்று கேட்டால் பதினான்கு பேரும் “நீங்களே சொல்லுங்கக்கா” என்கிறார்கள். முடிவெடுத்த பிறகு வெளியே போய் முணுமுணுக்கிறார்கள்.
– ஒரு வாசகி, தருமபுரி

நீங்கள் முதலில் கருத்துச் சொல்லிவிடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதற்குப் பிறகு பேசுவது அவர்களுக்கு உங்களை எதிர்ப்பது மாதிரி. அடுத்த கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவரில் ஆரம்பித்து வரிசையாகக் கேளுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எதற்கு. உங்கள் முறை கடைசி. அமைதி பத்து வினாடி நீண்டாலே வாய் திறக்கத் தோன்றும். அந்த நேரத்தில் கணக்கு நோட்டைப் பாருங்கள். கணக்கையும் நீங்கள் வாசிக்காமல் மாதம் ஒருவரை வாசிக்க வையுங்கள். நிலுவை யாரிடம் என்று அவர்கள் வாயாலேயே வரும்போது முணுமுணுப்புக்கு வேலை குறையும். ஒரே கூட்டத்தில் மாறாது, நாலைந்து ஆகும்.

ஹோட்டல் சமையலறைப் பொறுப்பு எனக்கு. கோபத்தில் கத்திவிட்டுப் பிறகு வருந்துகிறேன்.
– ஒரு வாசகர், மதுரை

பத்து நாள், கத்திய நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். மதியக் கூட்டத்தின் உச்சத்தில், காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் சாப்பிடாத வேளையிலேயே அதிகம் விழுந்திருந்தால் பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். மன்னிப்பை, கத்திய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் ஒரு வாக்கியத்தில் கேளுங்கள். அதில் ‘ஆனால்’ வரக்கூடாது.