முதல் வரியை வைத்தே நாவலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு நாவலின் தொடக்க வாக்கியத்தை மட்டும் கேட்டு, அது எந்த நாவல் என்று சொல்வதுதான் இந்த விளையாட்டு. தெரிந்தவர் போனில் 'ஹலோ' என்றதுமே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோமே, அதுபோலத்தான்.

நல்ல முதல் வரியில் கதை சொல்பவரின் குரல் இருக்கும். கூடவே ஏதோ ஒன்று இடறும். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' (வெளிவந்தது 1949) ஏப்ரல் மாதத்தின் குளிரான ஒரு நாளில் தொடங்குகிறது. கடிகாரங்கள் பதின்மூன்று முறை அடிக்கின்றன. பன்னிரண்டோடு நிற்க வேண்டிய மணி! கூடுதலாக விழுந்த அந்த ஓர் அடிதான் மனதில் ஒட்டிக்கொள்கிறது. வெறும் குளிரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? சரி, மேற்கோளாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுவதும் ஒரு காரணம். புத்தகத்தைத் தொடாதவர்கள்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

புகழ்பெற்ற தொடக்க வரி புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்: 1851இல் வந்த 'மோபி டிக்' நாவலின் அமெரிக்கப் பதிப்பில், 'என்னை இஸ்மவேல் என்று கூப்பிடுங்கள்' என்ற வரிக்கு முன்பே திமிங்கிலங்களைப் பற்றிய மேற்கோள்கள் பல பக்கங்களுக்கு ஓடுகின்றன.