கையில் வந்த சேலையும் வருமானமே

கேள்வி: நான் பாலர்பள்ளி ஆசிரியை. வயது 31, மாதச் சம்பளம் 3,200 சிங்கப்பூர் வெள்ளி. சில ஆண்டுகளாக யூடியூபிலும் இன்ஸ்டகிராமிலும் தமிழ்ச் சமையல், சேலைகள் பற்றிய காணொளிகளை வெளியிட்டு வருகிறேன். சென்ற ஆண்டு விளம்பரப் பங்கும் நிறுவனங்கள் கொடுத்த கட்டணமும் சேர்ந்து 14,000 வெள்ளி கிடைத்தது. ஒரு துணிக்கடை மாதம் ஒரு சேலை தருகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 வெள்ளி பெறும். 260 வெள்ளி மதிப்புள்ள கவரிங் நகைத்தொகுப்பு ஒன்றும் வந்தது. உணவகங்கள் எப்போதாவது இலவசமாக உணவு தருவதுண்டு. யூடியூப் பணம் வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து வருவதால் அதற்கு இங்கே வரி இல்லை என்கிறார் என் தோழி. 6,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் சொல்லவே தேவையில்லை என்று இன்னொருவர் கூறியதால், அதற்கு முந்தைய ஆண்டு செலவு போகக் கிடைத்த 3,000 வெள்ளியை நான் கணக்கில் காட்டவில்லை. இப்போது மனம் உறுத்துகிறது. கேமரா, மடிக்கணினி, மளிகை, உடை, கணவரின் காருக்குப் போட்ட பெட்ரோல் ஆகியவற்றில் எவற்றைக் கழிக்கலாம்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம். உங்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டே காணொளி செய்யும் பலர், எதைக் கழிக்கலாம் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வருமானம் எது என்பதை முதலில் முழுமையாக எழுதி வைத்துவிட்டால், செலவுக் கணக்கில் வரும் குழப்பங்களில் பாதி தாமாகவே நீங்கிவிடும் என்பதால், உங்கள் கேள்வியின் வரிசையைச் சற்று மாற்றிப் பதில் சொல்கிறேன்.

தோழி சொன்னது தவறு. பணம் எந்த நாட்டு நிறுவனத்திடமிருந்து வருகிறது, எந்த வங்கிக்கு வருகிறது என்பதைவிட, அந்தப் பணத்தை ஈட்டித் தந்த உழைப்பு எங்கே நடந்தது என்பதே முக்கியம். நீங்கள் உட்லண்ட்சில் சமைத்து, இங்கேயே படம் பிடித்து, இங்கிருந்தே பதிவேற்றுகிறீர்கள். ஆகவே அது சிங்கப்பூரில் நடத்தும் தொழிலின் வருமானம். 6,000 வெள்ளி பற்றிக் கேள்விப்பட்டதும் அரைகுறைச் செய்திதான். அந்தத் தொகை, சுயதொழில் செய்பவர் படிவம் தாக்கல் செய்யக் கடமைப்படும் வரம்புகளில் ஒன்று. மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்காகிய மெடிசேவுக்குச் சந்தா கட்டும் கடமையும் அதைத் தாண்டும்போதுதான் தொடங்குகிறது. அது வரிவிலக்கு அன்று. மொத்த ஆண்டு வருமானம் 22,000 வெள்ளியைத் தாண்டினாலே படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது இன்னொரு வரம்பு. உங்கள் சம்பளம் மட்டுமே அதைத் தாண்டிவிடுவதால், தொழிலில் கிடைப்பது சிறு தொகையாக இருந்தாலும் அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளி நிர்வாகம் அனுப்பும் சம்பள விவரம் படிவத்தில் தானாகவே நிரம்பியிருப்பதைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தொழில் வருமானத்தை யாரும் உங்களுக்காக நிரப்பித் தரமாட்டார்கள்.

அடுத்து, பொருளாக வந்தவை. பணத்துக்குப் பதிலாகப் பொருளோ சேவையோ கிடைத்தால் அதன் சந்தை மதிப்பும் வருமானமே என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் நிலைப்பாடு. ஒரே ஒருமுறை சுவைத்துப் பார்க்கவோ பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்லவோ தரப்படும், 100 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும் சேவைக்கும் மட்டும் ஆணையம் சலுகை அளிக்கிறது. உணவகத்தில் எப்போதாவது ஒருமுறை பரிமாறப்பட்ட 40 வெள்ளிச் சாப்பாடு இந்தச் சலுகைக்குள் அடங்கும். நகைத்தொகுப்பின் மதிப்பு 100 வெள்ளியைத் தாண்டுவதால் அடங்காது. சேலை ஒவ்வொன்றும் 100 வெள்ளிக்குள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம்; ஆனால் மாதந்தோறும் தவறாமல் வருவது ஒருமுறைப் பொருள் ஆகாது. அது நீங்கள் செய்யும் விளம்பரத்துக்கான கூலி. எனவே 14,000 வெள்ளியோடு சேலைகளுக்கு 1,080, நகைக்கு 260 என்று சேர்த்தால் உங்கள் தொழில் வருவாய் 15,340 வெள்ளி.

இனி செலவு. வருமான வரிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வது, அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகவே முழுமையாகச் செய்யப்பட்ட செலவு மட்டுமே கழிவுக்குத் தகுதி பெறும் என்பதாகும். உங்கள் பட்டியலில் சில எளிதில் தீர்ந்துவிடும். காணொளியைத் தொகுத்துத் தருபவருக்குக் கொடுத்த கட்டணம், தொகுப்பு மென்பொருளின் சந்தா, இசைக்கான உரிமக் கட்டணம், படப்பிடிப்புக்குச் சென்றுவந்த எம்ஆர்டி ரயில் அல்லது டாக்சிக் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்கலாம். கணவரின் காருக்கான பெட்ரோலை, அந்தப் பயணம் முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே இருந்தாலும், கழிக்க முடியாது. சொந்தக் காரின் செலவுகளைச் சட்டம் வெளிப்படையாகவே மறுக்கிறது. கார் நிறுத்தக் கட்டணத்துக்கும் இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணத்துக்கும் அதே விதிதான்.

மளிகைதான் நின்று யோசிக்க வேண்டிய இடம். தேக்கா சந்தையில் நீங்கள் வாங்கும் ஆட்டிறைச்சி படப்பிடிப்புக்குப் பிறகு குடும்பத்தாரின் இரவு உணவாகவும் ஆகிறது என்றால், அந்தச் செலவை முழுவதும் தொழிற்செலவு என்று சொல்வது நேர்மையாகாது. ஒரு குறிப்பிட்ட காணொளிக்காகவே தனியாக வாங்கி, தனி ரசீது வைத்திருக்கும் பொருள்களையும், பரிசோதனைச் சமையலுக்கு வாங்கியவற்றையும் மட்டும் சேருங்கள். வாராந்தர வீட்டு மளிகையில் கால் பங்கு, அரைப் பங்கு என்று மனக்கணக்காக எடுக்காதீர்கள். ஆணையம் கேள்வி கேட்டால், எந்த ரசீது எந்தக் காணொளிக்குரியது என்று காட்டக்கூடிய செலவு மட்டுமே நிலைக்கும். மற்றவை சந்தேகத்தைக் கிளப்பி, நியாயமான செலவுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் வருமானத்தில் 60 விழுக்காட்டை நிலையான செலவாகக் கழிப்பதைக் கேட்டு, நமக்கும் அப்படி ஒரு விகிதம் உண்டா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காணொளிப் படைப்பாளர்களுக்கு அப்படியொரு விகிதம் கிடையாது. உண்மையில் செய்த செலவைத்தான் காட்ட வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேலையைக் கேமராவுக்கு முன்னால் கட்டினாலும், அதையே கோயிலுக்கும் திருமணத்துக்கும் கட்டிக்கொண்டு போக முடியும் என்பதால் அது சொந்தச் செலவு. ஒரு படப்பிடிப்புக்காக மட்டும் உடையை வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த வாடகையைச் சேர்ப்பதில் தவறில்லை. வீட்டில் ஓர் அறையைப் பயன்படுத்துவதற்காக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் தவணையில் பங்கு எடுக்க முடியாது. மின்சாரம், இணையம், கைப்பேசிக் கட்டணங்களில் தொழிலால் கூடுதலான பகுதியைப் பழைய கட்டணச் சீட்டுகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு எடுக்கலாம்.

கேமராவும் மடிக்கணினியும் பல ஆண்டுகள் பயன்படும் சாதனங்கள் என்பதால் அவை அன்றாடச் செலவுக்குள் வாரா. மூலதனக் கழிவு என்ற தனிக் கணக்கில் வரும். ஒவ்வொன்றும் 5,000 வெள்ளிக்கு மேற்படாத சாதனங்களை, ஆண்டுக்கு மொத்தம் 30,000 வெள்ளி என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, ஒரே ஆண்டில் முழுவதுமாகக் கழித்துவிடலாம். மடிக்கணினியில் பள்ளி வேலையையும் சொந்த வேலையையும் செய்கிறீர்கள் என்றால் அதில் தொழிலுக்குரிய பங்கை மட்டும் எடுங்கள்.

ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அன்றாடத் தொழிற்செலவுகள் 4,340 வெள்ளி என்று கொண்டால், 15,340 வெள்ளி வருவாயில் அது போக 11,000 வெள்ளி மிஞ்சும். கேமராவுக்கு 1,850 வெள்ளி, 2,400 வெள்ளி மடிக்கணினியின் மூன்றில் இரு பங்காக 1,600 வெள்ளி என மொத்தம் 3,450 வெள்ளி மூலதனக் கழிவு. நிகரத் தொழில் வருமானம் 7,550 வெள்ளி. வருவாய் 200,000 வெள்ளிக்குள் இருப்பதால் விரிவான கணக்கறிக்கை தேவையில்லை. வருவாய், செலவு போன லாபம் ஆகிய இரண்டு வரிகளை நிரப்பி, மூலதனக் கழிவை அதற்குரிய இடத்தில் எழுதினால் போதும். போனஸும் வேறு நிவாரணங்களும் இல்லையென்று வைத்து, மத்திய சேம நிதிச் சந்தாவையும் வருமான நிவாரணமான 1,000 வெள்ளியையும் கழித்தால், இந்தத் தொழிலால் உங்களுக்குக் கூடும் வரி ஏறத்தாழ 260 வெள்ளிதான். மெடிசேவ் சந்தா அதைவிடச் சற்று அதிகம்: 35 வயதுக்குட்பட்டவருக்கு இந்த வருமான நிலையில் 4 விழுக்காடு, அதாவது 302 வெள்ளி. பள்ளி உங்கள் சம்பளத்துக்கு ஏற்கெனவே மெடிசேவ் கட்டுவதால் இது தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் வருமானத்துக்கு அது தனியே உண்டு. ஆனால் அந்தப் பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

ரசீதுகளையும் கணக்குகளையும் ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பேநவ் மின்பணமாற்று வழியாக வரும் கட்டணங்கள் குடும்பப் பணத்தோடு கலக்காமல் இருக்கத் தனி வங்கிக் கணக்கு ஒன்றை இன்றே தொடங்குங்கள். சேலைக் கடையுடன் நடந்த உரையாடலில் விலை குறிப்பிடப்பட்டிருந்தால் அதையும் சேமித்து வையுங்கள். பொருளாக வந்த வருமானத்தின் மதிப்புக்கு அதைவிட நல்ல சான்று வேறு கிடைக்காது.

கடைசியாக, உங்கள் மனத்தை உறுத்தும் அந்த 3,000 வெள்ளி. உங்கள் சம்பளம் அப்போதும் இதே அளவில் இருந்திருந்தால், விடுபட்ட வரி ஏறத்தாழ 100 வெள்ளியாகத்தான் இருக்கும். ஆனால் தொகை சிறியது என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கவனக்குறைவால் தவறான விவரம் தந்தவருக்குக்கூட விடுபட்ட வரியைப் போல இரு மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆணையம் விசாரிக்கத் தொடங்குமுன் நாமே முன்வந்து முழு விவரத்தையும் தெரிவித்தால் அதற்கென்று ஒரு சலுகைத் திட்டம் இருக்கிறது. தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து ஓராண்டுக்குள் சொன்னால் அபராதமே இல்லை; அதற்குப் பின் சொன்னால் விடுபட்ட வரியில் ஆண்டுக்கு 5 விழுக்காடு. அந்த ஆண்டுக்குரிய கெடு சென்ற ஏப்ரலில் முடிந்தது. ஆகவே இந்த ஏப்ரல் 15ஆம் தேதிக்கு முன்பாக, சிங்பாஸ் மின்னடையாளம் மூலம் ஆணையத்தின் மைடாக்ஸ் போர்ட்டல் இணையத்தளத்துக்குள் சென்று, அந்த ஆண்டின் வருவாயையும் செலவையும் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள். சென்ற ஆண்டு வருமானத்துக்கான படிவத்தை மின்வழியே ஏப்ரல் 18ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். வரி மதிப்பீட்டுக் கடிதம் வந்தபின் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டுவது சிரமமாக இருந்தால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ வழியாக 12 மாதத் தவணைகளில் வட்டியின்றிக் கட்ட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.