ஒரே எழுத்து, வேறு பொருள்

கேள்வி: கல்லூரியில் ஸ்பானிய மொழி பயிலும் என் மகள், ஆங்கிலத்தில் ‘ஒருமுறை’ என்று பொருள்படும் ‘ஒன்ஸ்’ என்னும் சொல்லை ஓர் எழுத்தும் மாறாமல் ஸ்பானியத்தில் எழுதினால் ‘பதினொன்று’ ஆகிவிடும் என்கிறாள். நமக்கும் மலையாளத்துக்கும் இடையே இப்படிப்பட்ட சொற்கள் நிறைய உண்டே. இவை தற்செயலா, ஒரு சொல்லே இரண்டாகப் பிரிந்ததா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: இரண்டு வகையும் உண்டு; அவற்றைப் பிரித்தறிவதுதான் முக்கியம். உங்கள் மகள் சொன்னது தற்செயல் வகை. ஆங்கிலச் சொல் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஸ்பானியச் சொல்லோ பதினொன்றைக் குறிக்கும் இலத்தீன் சொல் தேய்ந்து உருவானது. ஆங்கிலத்தில் சிவப்பைக் குறிக்கும் ‘ரெட்’ ஸ்பானியத்தில் வலை. ஆங்கிலத்தில் பாவமாகிய ‘சின்’ அங்கே ‘இல்லாமல்’. சமையல் பாத்திரமாகிய ‘பேன்’ அங்கே ரொட்டி. எழுத்து ஒன்றாயினும் உச்சரிப்பு பல இடங்களில் வேறு. பொருளோ வெகுதூரம் விலகியிருப்பதால் வாக்கியத்தில் வந்தவுடனே பிழை தெரிந்துவிடும்.

ஒரே தாயிடம் பிறந்து பிரிந்த சொற்களே உண்மையில் ஏமாற்றுபவை. ‘ஆக்சுவல்’ என்பது ஆங்கிலத்தில் ‘உண்மையான’. அதே எழுத்துகள் ஸ்பானியத்தில் ‘தற்போதைய’. இரண்டும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். ‘தற்போதைய விலை’ என்று எழுதியதை ‘உண்மையான விலை’ என்று படிப்பவருக்கு வாக்கியத்தில் எந்த நெருடலும் தோன்றாது. பிழை பிழையாகத் தெரியாமலே நிலைத்துவிடும். எழுத்தில் சிறிது வேறுபட்டாலும் இதே இனத்தைச் சேர்ந்தது ‘கான்ஸ்டிபாடோ’. ஆங்கிலத்தில் மலச்சிக்கலைக் குறிக்கும் சொல்லின் உறவான இது, ஸ்பெயினில் ஜலதோஷம் பிடித்தவரைக் குறிக்கிறது. ‘நெருக்கி அடைத்தல்’ என்னும் பழைய பொருள் ஓரிடத்தில் குடலுக்கும் ஓரிடத்தில் மூக்குக்கும் போயிருக்கிறது. மருந்து கேட்கும் இடத்தில் இத்தகைய குழப்பம் சிறிய செய்தியன்று. 1928இல் பிரான்சில் வெளியான ஒரு நூல் இவற்றுக்குப் ‘போலி நண்பர்கள்’ என்று பெயரிட்டது. மொழி ஆசிரியர்கள் இன்றும் அப்பெயரையே ஆள்கிறார்கள்.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த உங்கள் ஊருக்கு இது புதிதன்று. தமிழுக்கும் மலையாளத்துக்கும் எழுத்துருவே வேறு என்பதால் இங்கே ஏமாறுவது கண்ணன்று, காதுதான். ‘வெள்ளம்’ நமக்குப் பெருக்கெடுத்து வருவது. அவர்களுக்குக் குடிக்கும் தண்ணீரும் அதுவே. இதில் தடுமாற்றம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். புனலூர் மருத்துவமனையில் செவிலியர் ‘பனியுண்டோ’ என்று கேட்டால் காய்ச்சல் உண்டா என்று பொருள். பழந்தமிழில் ‘பனித்தல்’ நடுங்குதலையும் குறித்தது என்பதை அறிந்தவருக்கு இச்சொல் அத்தனை அந்நியமாகத் தோன்றாது. ‘அவசரம்’ இவற்றைவிட நுட்பமானது. வடமொழியில் தக்க தருணத்தைக் குறித்த அச்சொல் மலையாளத்தில் ‘வாய்ப்பு’ என்றே நிற்கிறது. தமிழிலோ காலம் நெருக்கும் நிலையைக் குறிக்கலாயிற்று. ‘ஒரு அவசரம் தரணம்’ என்று கேட்பவர் வாய்ப்புக் கேட்கிறாரே தவிர, நம்மை விரட்டவில்லை.

வடமொழிச் சொற்களில் இந்த விலகல் இன்னும் பரந்தது. ‘உபன்யாசம்’ என்பது தமிழில் சமயச் சொற்பொழிவு, தெலுங்கில் பொதுவான சொற்பொழிவு, மலையாளத்தில் கட்டுரை, இந்தியில் நாவல். இவற்றுள் எதுவும் தவறான வழக்கு அன்று. ஒன்றை அளவாக வைத்து மற்றொன்றைத் திருத்த முற்படுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் ஏலக்காய்க் கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள், குமுளிப் பக்கத்து வியாபாரிகள் ‘நாளை யோகமுண்டு’, ‘விரோதமில்லை’ என்று பேசும்போது தடுமாறுகிறார்கள். சொற்பட்டியல் ஒன்று எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், கம்பம்

பதில்: கொடுக்கலாம், ஆனால் தனிச் சொற்களாக வேண்டாம். ‘யோகம்’ என்றால் கூட்டம் என்று மனப்பாடம் செய்தவனும், பேச்சின் வேகத்தில் அதிர்ஷ்டம் என்றே புரிந்துகொள்வான், ஏனெனில் தமிழ்ப் பொருள் முந்திக்கொள்ளும். ‘நாளை பத்து மணிக்கு யோகமுண்டு’ என்று நேரத்தோடு சேர்த்து எழுதினால் அது கூட்டம்தான் என்பது மனத்தில் பதியும். ‘எனிக்கு விரோதமில்லை’ என்பதை, விலை பேசி முடிக்கும்போது ‘எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று சொல்லும் இடத்தோடு காட்டுங்கள். வெளியூர் சென்று தங்க வேண்டிய பையனுக்கு, ‘முறி’ என்றால் அறை என்று எழுதுவதோடு நிறுத்தாமல், விடுதியில் கேட்க வேண்டிய ‘முறி ஒழிவுண்டோ’ என்னும் முழுத் தொடரையே எழுதிக் கொடுங்கள்.