கணினிக் கேள்வி-பதில்: டெர்மினல் திரையில் லேபிள்

கேள்வி: கோவிலில் தைப்பூசக் காவடிக்குப் பேர் பதிய, பைத்தான் மொழியில், டெர்மினல் (எழுத்து மட்டுமே காட்டும் திரை) நிரல்களுக்கான ‘டெக்ஸ்சுவல்’ நிரல் நூலகம் கொண்டு சிறு நிரல் எழுதுகிறேன். தலைப்பு லேபிளுக்கு (எழுத்தைக் காட்டும் பெட்டி) ‘டெக்ஸ்ட்-அலைன் சென்டர்’ (எழுத்தை நடுவில் நிறுத்து) கொடுத்தும் இடது ஓரத்திலேயே நிற்கிறதே?
(வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: எழுத்து நடுவில்தான் இருக்கிறது. பெட்டிதான் எழுத்தின் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. லேபிளின் அகலமும் உயரமும் இயல்பாகவே ‘ஆட்டோ’, அதாவது உள்ளே இருக்கும் எழுத்தின் அளவு. ஸ்டைலில் ‘விட்த்’தை (அகலம்) 100 சதவீதம் ஆக்குங்கள், தலைப்பு நடுவுக்கு வந்துவிடும். நீளமான வாக்கியம் மடங்காமல் ஓரத்தில் வெட்டுப்படுவதும் இதனால்தான், அதற்கும் இதே மருந்து. அறிவிப்பு மாதிரி பத்தி பத்தியாகப் போடுவதற்கு, லேபிளுக்குத் தாய் வகையான ‘ஸ்டாட்டிக்’ என்ற பெட்டி நல்லது. அது கிடைக்கும் அகலம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும்.

பார்டர் (சுற்றுக்கோடு) போடுவதாக இருந்தால் உயரத்தை 1 வரி என்று வைக்காதீர்கள். மேல்கோடும் கீழ்க்கோடும் அந்த உயரத்துக்குள்ளேயே அடங்கவேண்டும் என்பதால் எழுத்துக்கு இடமிருக்காது. குறைந்தது 3 வேண்டும், இல்லையேல் ‘ஆட்டோ’விலேயே விட்டுவிடலாம்.

கேள்வி: பதிவு எண்ணிக்கை லேபிளை மாற்றப் போனால் ‘நோமேட்சஸ்’ (தேடியது கிடைக்கவில்லை) பிழை வருகிறது. சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் எழுதிய சொல்லும் காணாமல் போகிறது.
(வாசகர், போர்ட் லூயிஸ்)

பதில்: நிரல் உருவாகும்போதே ஓடும் ‘இனிட்’டுக்குள் லேபிளைத் தேடியிருப்பீர்கள். அப்போது திரையில் ஒன்றுமே ஏறியிருக்காது. திரையில் ஏறியதும் ஓடும் ‘ஆன்-மவுண்ட்’டிலோ அதற்குப் பிறகோ, தேடித்தரும் ‘குவெரி-ஒன்’னால் லேபிளை எடுத்து ‘அப்டேட்’ செய்யுங்கள். தேடுவதற்கு லேபிளுக்கு வைக்கும் ஐடி (அடையாளப் பெயர்) ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு இவற்றால் மட்டுமே அமையலாம்; எண்ணில் தொடங்கக்கூடாது, தமிழிலும் வைக்க முடியாது. விநாடிக்கு ஒருமுறை மாறவேண்டுமானால் ‘செட்-இன்டர்வல்’ இருக்கிறது. நிரலைக் காத்திருக்க வைக்கும் ‘ஸ்லீப்’ போட்டால் திரை முழுக்க உறைந்துவிடும்.

சதுர அடைப்பு விஷயம்: லேபிள் அதை நிறம், தடிப்பு சொல்லும் குறியாக எடுத்துக்கொள்கிறது. தெரியாத குறியானால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். தொடக்கமில்லாத மூடுகுறியானால் நிரலே பிழை காட்டி நிற்கும். பக்தர்கள் தட்டச்சு செய்யும் எதையும் காட்டும் லேபிளை ‘மார்க்கப்’ (குறிகளைப் படித்தல்) என்பதை ‘ஃபால்ஸ்’ (வேண்டாம்) என்று அமைத்தே உருவாக்குங்கள்.

கேள்வி: பிரெஞ்சு வரிகள் ஒழுங்காக நிற்கின்றன. தமிழ் வரிகளில் மட்டும் வலப்பக்கக் கோடு கோணலாகிறது. எழுத்துரு மாற்றியும் பயனில்லை.
(வாசகர், காத்ர் போர்ன்)

பதில்: எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். எழுத்துகளுக்கு எத்தனை கட்டம் வேண்டும் என்று எண்ணித்தான் லேபிள் தன் வலக்கோட்டை இடுகிறது. ‘மொத்தம்’ என்பது நம் கண்ணுக்கு மொ, த், த, ம் என நான்கு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறைக்கோ ம, ஒகரக்குறி, த, புள்ளி, த, ம, புள்ளி என ஏழு. வலப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பைத்தானின் ‘எல்-ஜஸ்ட்’டிடம் 12 இடம் கேட்டால், ஏழு போக ஐந்து வெற்றிடம்தான் சேர்க்கும். புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் தனிக் கட்டம் கிடையாது. ஆகார, இகர, ஒகரக் குறிகளுக்குக் கட்டம் உண்டா இல்லையா என்பதில்தான் தகராறு: நூலகத்துக்கு நூலகம், டெர்மினலுக்கு டெர்மினல் விடை மாறும். லேபிள் ஒரு கணக்கில் கோடு போட, டெர்மினல் வேறு கணக்கில் எழுத்தை வரைந்தால் கோடு கோணாமல் என்ன செய்யும்?

வெற்றிடம் சேர்த்து ஒரு கணினியில் சரிக்கட்டினால் அடுத்த கணினியில் மறுபடி கோணும். தமிழுக்கு வலப்பக்கம் எதையும் வைக்காமல் இருப்பதே வழி. எண், தொகை, பிரெஞ்சு விளக்கம் இவை இடப்பக்கம் வரட்டும். தமிழ் லேபிள் வரிசையின் கடைசியில் நிற்கட்டும். பார்டர் வேண்டுமானால் மேல், கீழ், இடம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சிலும் இதே கோளாறு சில சமயம் எட்டிப்பார்க்கும். தலைக்கோடு உள்ள எழுத்து சில கோப்புகளில் எழுத்து தனி, கோடு தனி என இரண்டு குறியாக வரும். ‘எல்-ஜஸ்ட்’ அங்கேயும் ஏமாறும். லேபிளுக்குத் தருமுன் ‘என்எஃப்சி’ (பிரிந்த குறிகளைச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) வடிவுக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். தமிழ்ப் புள்ளி எழுத்துக்கு இது உதவாது, அவற்றுக்கு ஒற்றைக் குறி யூனிகோடில் இல்லை.

சாளரமில்லாத வெறும் லினக்ஸ் கன்சோலில் ஓட்டுவதானால் தமிழை மறந்துவிடுங்கள். அதன் எழுத்துரு 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது, உயிர்மெய்யைச் சேர்த்து வரையவும் அதற்குத் தெரியாது. பதிவு மேசைக் கணினி அப்படிப்பட்டதென்றால் லேபிள்களை பிரெஞ்சில் விட்டு, தமிழை அச்சிடும் ரசீதில் வையுங்கள்.