கண்டங்கள் ஏழா, ஆறா, ஐந்தா?

கேள்வி: தரம் 6 இல் படிக்கும் என் பேத்தி, கண்டங்கள் ஏழு என்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள். ஒலிம்பிக் கொடியின் ஐந்து வளையங்களும் ஐந்து கண்டங்களைக் குறிப்பவை என்று நான் சொன்னதும், "அப்போ எங்கட டீச்சர் பிழையா, அம்மம்மா?" என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: ஆசிரியையும் பிழை சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, சீனா போன்ற நாடுகளின் பாடநூல்களில் கண்டங்கள் ஏழு. ஸ்பெயினிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் வட, தென் அமெரிக்காக்களை ஒரே கண்டமாகக் கொள்வது வழக்கமாதலால் அங்கே ஆறு. ரஷ்யாவிலும் ஆறு என்பார்கள். ஆனால் அவர்கள் ஒன்றாக்குவது ஐரோப்பாவையும் ஆசியாவையும். நவீன ஒலிம்பிக்கைத் தொடக்கிவைத்த பியேர் தெ குபேர்த்தன் 1913 இல் வளையங்களை வரைந்தபோது அமெரிக்கா ஒன்றாகவே எண்ணப்பட்டது. குடிமக்களே இல்லாத அந்தாட்டிக்காவுக்கு வளையம் கிடைக்கவில்லை.

இவற்றுள் பெருஞ்சிக்கல் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான எல்லைதான். அதை விளங்கிக்கொள்ள நம் மட்டக்களப்பு வாவியே போதும். குருமண்வெளியில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையில்) ஏறி மண்டூருக்குப் போகிறவருக்கு, நடுவே தண்ணீர் கிடப்பதால், தாம் விட்டு வந்தது எழுவான்கரை (சூரியன் எழும் கிழக்குக் கரை), போய் இறங்குவது படுவான்கரை (அது படும் மேற்குக் கரை) என்பதில் ஐயமே எழாது. ஏஜியன் கடலில் ஓடிய பழைய கிரேக்க மாலுமிகளுக்கும் இரு கரைகளும் அவ்வாறே தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆசியா என்ற பெயர் சூரியன் எழுவதையும், ஐரோப்பா என்ற பெயர் அது படுவதையும் குறித்த செமித்தியச் சொற்களிலிருந்து வந்தவை என்று ஒரு கருத்துகூட உண்டு. எல்லா அறிஞரும் அதை ஏற்பதில்லை. மட்டக்களப்பார் ஏற்றுக்கொள்வர் என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் முடிகிற இடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. கல்முனைப் பக்கம் வாவி ஒடுங்கி வயல்வெளி விரிந்தபின், எழுவானையும் படுவானையும் பிரிப்பது எந்த வரம்பு என்று கேட்டால் யார் காட்டுவார்? கருங்கடலுக்கு வடக்கே கிரேக்கரில் பலர் தொன் ஆற்றை எல்லையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றாய்க் கிடக்கும் நிலத்துக்கு ஆசியா, ஐரோப்பா, லிபியா (ஆபிரிக்காவுக்கு அவர்கள் இட்ட பெயர்) என மூன்று பெண்களின் பெயர்கள் எதற்கு என்று கி.மு. 5 ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கேட்டிருக்கிறார். ரஷ்யாவில் போர்க்கைதியாகப் பல ஆண்டுகள் கழித்த சுவீடன் நாட்டு அதிகாரி ஸ்ட்ராலன்பேர்க், 1730 இல் வெளியிட்ட தம் நூலில் எல்லையை யூரல் மலைத்தொடருக்கு நகர்த்தினார். அந்த யோசனை தம்முடையது என்று ரஷ்ய அறிஞர் தத்திஷ்சேவ் உரிமை கோரினார். இன்று நம் படப்புத்தகங்களில் இருப்பது அந்தக் கோடுதான்.

மற்ற எல்லைகளில் இத்தனை வழக்கில்லை. ஆசியாவையும் ஆபிரிக்காவையும் பிரிப்பதாக நாம் காட்டும் சூயெஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டது. அமெரிக்காக்களுக்கிடையே பனாமாக் கால்வாய் 1914 இல் வந்தது (பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள நம் பாணமை அல்ல). இரண்டும் மனிதர் வெட்டியவை. புவியோட்டுத் தகடுகளை (பூமியின் மேலோடு பிரிந்துகிடக்கும் பெரும் பாறைத் துண்டுகளை) கொண்டு பிரிக்கலாமே என்பீர்கள். அப்படிச் செய்தால் இந்தியாவும் இலங்கையும் தனித் தகட்டில் இருப்பதால், ஆசியாவிலிருந்து நாமே கழன்றுவிடுவோம்.

பேத்தி பரீட்சையில் ஏழு என்றே எழுதட்டும். உதைபந்தாட்டத்தில் ஆஸ்திரேலியா 2006 முதல் ஏன் ஆசிய அணிகளோடு ஆடுகிறது என்று அடுத்ததாகக் கேட்டால், அதையும் எழுதி அனுப்புங்கள்.